குறைஞ்ச கூலி

எண்பதுகளின் தொடக்கம். தொழிலாளர் துறையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், சங்கரன்கோவிலில் ஒரு விசைத்தறிக் கொட்டகையில் குறைந்தபட்சக் கூலி அறிவிப்பை ஒட்டப் போயிருந்தேன். வாசலோரம் கைராட்டையில் தறியின் குறுக்கிழைக்கான தார்க்குச்சிக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்த ஓர் அக்காவின் புருவமெல்லாம் பஞ்சு. நூல் அறுந்தால் குனிந்து பார்க்கமாட்டார்; நம் முகத்தைப் பார்த்துப் பேசியபடியே விரல்கள் முடிச்சுப் போட்டுவிடும். தறிச் சத்தத்தோடு மல்லுக்கட்டிப் பழகிய குரல், கரண்ட் போய்த் தறிகள் நின்ற பிறகும் இறங்கவில்லை.

“என்ன சார் ஒட்டுதீக?”

“குறைந்தபட்சக் கூலி அறிவிப்பு, அக்கா.”

“ஏற்கெனவே குறைஞ்ச கூலிதான வாங்குதோம். இன்னும் குறைக்கச் சொல்லி கவர்மெண்டு வேற எழுதி ஒட்டணுமாக்கும்?”

தறி ஓட்டுகிறவர்கள் சிரித்தார்கள். நான் பதறிப்போய், இதற்குக் கீழே கொடுக்கக் கூடாது என்பதுதான் அர்த்தம் என்று சொல்லி, தொகையைப் படித்துக் காட்டினேன். நூல் அறுந்தது. அவர் விரல்கள் அசையவில்லை.

“அம்புட்டு ரூவாயா? அதுக்கா குறைஞ்ச கூலின்னு பேரு வச்சீக?”

நான் நோட்டைத் திறந்து, அவர் வாங்குகிற கூலியையும் பெயரையும் கேட்டேன். முதல்முறையாகக் குரலைத் தாழ்த்தினார்.

“என் பேர எழுதிராதீக சார். அம்புட்டுக் குடுக்கணும்னா மொதலாளி மொதல்ல இந்த ராட்டையத்தான் நிப்பாட்டுவாரு.”

அறுந்த நூலை, இந்தத் தடவை குனிந்து பார்த்து முடிந்தார்.

நோட்டை மூடிவிட்டேன். நான் செய்தது அவருக்கு நல்லதா, முதலாளிக்கு நல்லதா என்று இன்னும் விளங்கவில்லை. அவர் பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது.