ஆலப்பாக்கத்துக்கு அப்புறம்

என் கழுத்து ரத்தக்குழாயில் அடைப்பு இருந்தது. தொடை வழியாகக் கம்பியை விட்டு, பலூனால் விரித்து, ஸ்டென்ட் வைத்தார்கள். மயக்க மருந்து கிடையாது. மூளைக்கு ரத்தம் போவது தெரிய நான் பேசிக்கொண்டே இருக்க வேண்டுமாம். கடலூர்–சிதம்பரம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன் என்பதால், ஸ்டாப்பிங்குகளைச் சொல்லச் சொன்னார் டாக்டர். இதென்ன கூத்து என்று எரிச்சலாக இருந்தது.

"ஆலப்பாக்கம்" என்றேன். பலூன் விரிந்தது. அடுத்த ஊர் வரவில்லை. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. ஆயுசு முழுக்கக் கத்திய பெயர் அது. "அடுத்தது என்ன?" என்று டாக்டர் அதட்டினார். பலூனைச் சுருக்கிய பிறகுதான் "புதுச்சத்திரம்" வந்தது, அழுகையோடு.

இப்போது தினமும் காலையில் காபியை நீட்டும்போது, "ஆலப்பாக்கத்துக்கு அப்புறம் என்னாங்க?" என்கிறாள் என் மனைவி. கேலிபோலத்தான் கேட்கிறாள். நான் சொல்லும்வரை டம்ளரை விடுவதில்லை.