குறைந்துபோன ஒன்பது வாரங்கள்

ஒன்பது வாரம் குறைகிறது என்று குடியேற்ற ஆலோசகர் தொலைபேசியில் சொன்னபோது, நான் ரங்கூனின் அலோன் பகுதியில் எங்கள் நாலாம் மாடி வீட்டில் பாப்பாவுக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். இடது கையில் மூன்று விரல் முடிந்திருந்தது. மீதி விரல்களை அன்று வெட்டவேயில்லை.

கனடாவில் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் எனக்கு வேலை. அதற்கென்றே அங்கே இரண்டு வருடம் படித்துச் சான்றிதழ் வாங்கிய பிறகு கிடைத்தது. அந்த நாட்டுக்குள்ளேயே ஒரு முழு வருடம் இப்படிப்பட்ட வேலை பார்த்திருந்தால் நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கு விண்ணப்பிக்கலாம். அது கிடைத்தால் கப்பலில் வேலை பார்க்கும் என் கணவரும் பாப்பாவும் என்னோடு வந்துவிடலாம். எங்களுக்குக் கல்யாணமாகி ஐந்து வருடம். சேர்ந்தாற்போல மூன்று மாதம் ஒரே வீட்டில் இருந்ததில்லை.

ஏழாம் மாதத்தில், இதற்கு மேல் விமானத்தில் ஏற்றிக்கொள்ள மாட்டார்களோ என்ற பயத்தில், விடுப்பு எடுத்துக்கொண்டு பிரசவத்துக்கு ரங்கூன் வந்தேன். விடுப்பு நாட்களும் வேலை நாட்களோடு சேரும் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். வேலையை விட்டு யாரும் என்னை நீக்கவில்லையே. கேட்டிருக்கலாம். ஒரே ஒரு மின்னஞ்சல் போதும். இதுகூடவா தெரியாது என்று நினைப்பார்களோ என்று கூச்சப்பட்டுக் கேட்கவில்லை. விடுப்பு நாட்கள் சேராதாம்; அதனால்தான் ஒரு வருடத்துக்கு ஒன்பது வாரம் குறைகிறது. இப்போது பாப்பாவுக்கு ஒன்பது மாதம். என் வேலை அனுமதிக்கு நாலு மாதம்தான் மிச்சம். அவளைக் கூட்டிக்கொண்டு போக விசாவுக்குப் போட்டால் அது வருவதற்குள் அனுமதி முடிந்துவிடும். தனியாகப் போய் அந்த ஒன்பது வாரத்தை முடித்துவிட்டு விண்ணப்பம் போட வேண்டும். போட்டாலும் கிடைக்குமா என்பதை யாரும் உறுதியாகச் சொல்லவில்லை.

எனக்கு அம்மா இல்லை. இருப்பது கணவரின் அக்கா, என் மதினி ஒருவர்தான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் டாலாவில் வீட்டு வாசலிலேயே சின்னக் கடை வைத்திருக்கிறார். அவருடைய பிள்ளைகள் இருவரும் தாய்லாந்தில். நான் கேட்டு முடிப்பதற்குள் "கொண்டாந்து விடு" என்றார். அவர் அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னது எனக்கு என்னவோ போல இருந்தது. அப்படித் தோன்றியதற்காக அன்று முழுவதும் வெட்கப்பட்டேன்.

காப்பகத்திலிருந்து அனுபவச் சான்று கேட்டு வாங்கியிருந்தேன். வாரத்துக்கு இத்தனை மணி நேரம், இன்னின்ன பணிகள் என்று வரிசையாக எழுதியிருந்தார்கள். உணவு ஊட்டுதல். தூங்க வைத்தல். அழும் குழந்தையைத் தேற்றுதல். அந்தக் கடைசி வரியை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மடியில் பாப்பா அழுதுகொண்டிருந்தாள். இது எந்தக் கணக்கிலும் வராது என்று நினைத்தேன். நினைத்ததும், இது என்ன பைத்தியக்கார நினைப்பு என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

புதிதாக வரும் குழந்தையைக் காப்பகத்தில் பழக்க ஒரு முறை உண்டு. முதல் நாள் தாய் பத்து நிமிடம் மட்டும் வெளியே போவாள். அடுத்த நாள் அரை மணி. பிறகு அரை நாள், முழு நாள். சொல்லாமல் நழுவக் கூடாது. முகத்தைக் காட்டி, சொல்லிவிட்டுப் போக வேண்டும். கதவு வரை போய்த் திரும்பி வரவும் கூடாது. எத்தனையோ தாய்மார்களின் முழங்கையைப் பிடித்து மெதுவாக வாசல் பக்கம் திருப்பிவிட்டிருக்கிறேன். அதே முறையில் ஒரு வாரத் திட்டம் எழுதி டாலாவுக்கு எடுத்துக்கொண்டு போனேன்.

மதினி தாளை வாங்கிப் பார்த்தார். அவருக்குத் தமிழ் படிக்க வராது, பர்மிய எழுத்துத்தான். நான் படித்துக் காட்டினேன்.

"புள்ளய விட்டுட்டுப் போறதுக்குக்கூடப் படிப்பு இருக்கா?" என்றார். "ரெண்டு வருஷம் இதத்தான் படிச்சியா நீ?"

"இதுவும் ஒரு பாடம் மதினி."

"தூங்குறப்ப நைசாப் போயிரணும். நாங்கள்லாம் அப்படித்தான் போனோம்."

"அப்படிப் போனா, தூங்கவே பயப்படும்."

"சரிங்க டீச்சர்" என்று கும்பிட்டார்.

முதல் நாள் பத்து நிமிடத்துக்குச் சந்து முனை வரை போனேன். நிற்க முடியாமல் அங்கே நின்ற ஒரு சைக்காவில், இந்த ஊர் சைக்கிள் ரிக்‌ஷாவில், ஏறி உட்கார்ந்தேன். ஓட்டுபவர் மிதியில் காலை வைத்தபடி எங்கே போகணும் என்று பர்மியில் கேட்டார். எங்கேயும் இல்லை, சும்மா உட்கார்ந்திருக்கிறேன் என்றேன். "உட்கார்ந்திருந்தாலும் அதே கூலிதான் அக்கா" என்றவர், என் முகத்தைப் பார்த்ததும், "சும்மா சொன்னேன், உட்காருங்க" என்று தன் குடையை விரித்துக் கொடுத்தார். பாப்பாவின் அழுகை அந்த முனை வரை கேட்டது. மணியைப் பார்த்தேன். நாலு நிமிடம்தான் ஆகியிருந்தது.

ஐந்தாம் நாள் முழு நாள் பிரிவு, அதோடு இரவும் அவள் அங்கேயே தூங்க வேண்டும். காலையில் பாப்பாவைக் குளிப்பாட்டி, கன்னம் இரண்டிலும் தனகா பூசிவிட்டேன். இந்த ஊர்க் குழந்தைகளுக்கு எல்லோரும் பூசுகிற சந்தன நிறக் குழைவுதான். பூசும்போது ஈரமாகப் பளபளக்கும். பத்து நிமிடத்தில் காய்ந்து வெளிறிவிடும். அவள் முகத்தைப் பார்த்து, போயிட்டு வர்றேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். படகில் இந்தக் கரைக்கு வந்தேன். வீட்டுக்குப் போய்ப் பெட்டி அடுக்கலாம் என்றுதான் எண்ணம். ஆனால் துறையை விட்டு நகர முடியவில்லை. காத்திருப்போர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். டாலா படகு போவதும் வருவதுமாக இருந்தது. பயணிகள் வீசும் தீனிக்குக் கடற்காக்கைகள் கத்தின. எல்லோரும் எங்கேயோ போய்க்கொண்டிருந்தார்கள். என்னிடம் மட்டும் யாருக்கும் எதுவும் தேவையில்லை. ஒன்பது மாதத்தில் முதல்முறையாக என் இரண்டு கையும் காலியாக இருந்தன. அவற்றை எங்கே வைப்பதென்று தெரியாமல் பையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டேன்.

மதியம் ஒரு மணிக்கு மதினியிடமிருந்து புகைப்படம் வந்தது. "ஜாலியா இருக்கு. கவலப்படாத" என்று குரலில் ஒரு செய்தி. படத்தில் பாப்பா சிரித்துக்கொண்டிருந்தாள். பெரிதாக்கிப் பார்த்தேன். கன்னத்தில் தனகா ஈரமாகப் பளபளத்தது.

காலை ஏழு மணிக்கு நான் பூசியது எப்போதோ காய்ந்திருக்க வேண்டும். யாரோ புதிதாகப் பூசியிருக்கிறார்கள். பழையது கண்ணீரில் கரைந்து போயிருந்தால் ஒழியப் புதிதாகப் பூச மாட்டார்கள். இது எனக்குத் தெரியாதா? காப்பகத்தில் தாய்மார்களுக்குப் படம் அனுப்புவது என் வேலை. அழுது ஓய்ந்த முகத்தை வெந்நீர்த் துணியால் துடைத்து, கையில் ஏதாவது பொம்மையைக் கொடுத்து, சிரிக்கும் அந்த ஒரு நொடியில் எடுப்பேன். நீங்கள் போனதுமே அழுகையை நிறுத்திவிட்டாள் என்று எழுதுவேன். அவர்கள் நன்றி என்று பதில் போடுவார்கள். ஒருத்திகூடப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருக்க மாட்டாள் என்று அன்று வரை நம்பியிருந்தேன்.

அடுத்த படகில் ஏறினேன். திட்டத்தில் இது இல்லை. நான் யாரையும் இப்படித் திரும்பி வர விட்டதில்லை.

மதினி கடையில் இல்லை. உள்ளே பாயில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். பாப்பா அவர் மார்பில் குப்புறப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"ஏன் மதினி பொய் சொன்னீங்க?"

"மெதுவாப் பேசு. எது பொய்? படம் எடுக்குறப்ப சிரிச்சிச்சு."

"அதுக்கு முன்னால?"

"நீ சந்து திரும்புனதுலேருந்து ஒரே கத்தல். பாட்டில எடுத்து வீசிருச்சு. பதினோரு மணிக்கு வாந்தி. தெருவே வந்து எட்டிப் பாத்துட்டுப் போச்சு. போதுமா?" பாப்பாவின் முதுகைத் தட்டிக்கொண்டே தொடர்ந்தார். "நெசத்தச் சொன்னா நீ ஏரோப்ளேன் ஏறுவியா? நீ ஏறலன்னா என் தம்பி காலம் பூரா தண்ணியிலயே கிடப்பான். புள்ளைக்கு அப்பன் போன்லதான் இருப்பான்."

பாப்பாவைத் தூக்கக் கையை நீட்டினேன்.

"எழுப்பாத. இப்பத்தான் பாதி குடிச்சிட்டுத் தூங்குது."

நம்பாமல் பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். பாதிதான் இருந்தது. இந்த ஐந்து நாளில் அவள் அந்தப் பாட்டிலிலிருந்து ஒரு வாய்கூட இறக்கியதில்லை. நான் சந்தோஷப்பட வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது.

"நான் அங்க இருக்கறப்ப உள்ளத உள்ளபடி சொல்லுங்க மதினி. அழுதா, அழுதுச்சுன்னே சொல்லுங்க."

"சொல்றேன். ஆனா நீ கேக்காத. கேட்டா என் வாயில பொய்தான் வரும். நானாச் சொல்றப்ப கேட்டுக்க." பிறகு என் சட்டையைப் பார்த்தார். முன்பக்கம் பால் கசிந்து நனைந்திருந்தது. "இப்பலேருந்தே நிறுத்தணும். ஏரோப்ளேன்ல பால் கட்டிக்கிச்சுன்னா காச்சல்ல கிடப்ப. மல்லியப்பூ வாங்கி மார்ல வச்சுக் கட்டு. ரெண்டு நாள்ல வத்திரும்."

தூங்குபவளிடம் சொல்லிக்கொண்டு போவது எப்படி என்று என் படிப்பில் இல்லை. அவள் பாதத்தை ஒரு முறை தொட்டேன். பிறகு மதினியின் முறைப்படியே சத்தமில்லாமல் வெளியே வந்தேன்.

சாயங்காலப் படகில் நிற்க இடமில்லாத கூட்டம். இந்தக் கரையில் இறங்கியதும், துறை வாசலில் ஒரு பெண் கூடையில் மல்லிகைச் சரம் வைத்து விற்றுக்கொண்டிருந்தாள். பத்துச் சரம் வேண்டும் என்றேன். அவள் முகம் மலர்ந்தது.

"இவ்வளவும் புத்தருக்கா?" என்று பர்மியில் கேட்டாள்.

ஆமாம் என்றேன். மேலும் ஒரு சரத்தை எடுத்து, இது தன் பங்குக்கு என்று சொல்லிப் பைக்குள் வைத்தாள்.