விறகுப் படகில் வந்தவள்

பறக்கும் ரயில் மயிலாப்பூர் வரைக்கும் வந்த வருஷம், பாங்கில் ரிட்டயர் ஆன என் கொழுந்தனாருக்கு முன்னோர் பைத்தியம் பிடித்தது. நம் வம்சம் எந்த வழியாக இந்த ஊருக்கு வந்தது என்று பெரிய மேப் ஒன்றை வாங்கிச் சுவரில் மாட்டி, சிவப்பு மையில் கோடு இழுத்தார். குதிரையில் வந்தார்களாம். ராஜாவின் படையோடு வந்தார்களாம். காளஹஸ்தியில் தங்கி, திருப்பதியில் தங்கி, திருத்தணியில் இளைப்பாறினார்களாம். நான் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள்தான். ஆனாலும் ஒன்று புரிந்தது. எங்கெல்லாம் நல்ல ஹோட்டல் இருக்கிறதோ, அங்கெல்லாம் குதிரை நின்றிருக்கிறது.

நான் அத்தை மகனைக் கட்டியவள். அதனால் எனக்கும் கொழுந்தனாருக்கும் கொள்ளுப்பாட்டி ஒருத்திதான். புருஷனைப் பறிகொடுத்தவள், நெல்லூர்ப் பக்கமிருந்து வந்த விறகுப் படகில், சவுக்குக் கட்டைகளின்மேல் இரண்டு பிள்ளைகளோடு உட்கார்ந்து, கால்வாய் வழியாக இங்கே வந்து இறங்கினாள். விறகு சுமந்தே பிள்ளைகளை ஆளாக்கினாள். மேப்பில் அவளைக் காணோம்.

"இன்னா நைனா, படகு எங்க?" என்றேன்.

"விறகுப் படகுன்னு சொன்னா நல்லாவா கீது அண்ணி? பையனுக்குப் பொண்ணு பாக்குற நேரம்."

"குதிரைக்குப் பொண்ணு குடுப்பாங்களா?"

மேப்பைத் துடைக்கப் போய்விட்டார்.

முன்னோர் வந்த வழியே திரும்பிப் போய்ப் பார்ப்பதென்று வேன் பிடித்தார். சொந்தபந்தமெல்லாம் பட்டுக் கட்டிக்கொண்டு ஏறியது. எங்கள் குடும்பத்தில் வண்டி கிளம்பும்முன் மூத்தவர் தேங்காய் சுற்றி உடைக்க வேண்டும். மூத்தவள் நான். தேங்காயை மடியில் வைத்துக்கொண்டு, "கால்வாய்ப் பாலத்தாண்ட நிறுத்தச் சொல்லு. அங்கதான் உடைப்பேன்" என்றேன்.

பாலத்தில் எல்லோரும் இறங்கினார்கள். கீழே ரயில் தூண்களுக்கு நடுவே தண்ணீர் கறுப்பாக நின்றது. குதிரைப் பரம்பரை முழுக்க முந்தானையாலும் கைக்குட்டையாலும் மூக்கைப் பொத்திக்கொண்டது.

"சீக்கிரம் உடைங்க அண்ணி, நாத்தம் தாங்கல."

"அவ எப்பிடி வந்தான்னு இவங்களுக்குச் சொல்லு. உடைக்கிறேன்."

என்னவோ முணுமுணுத்தார்.

"காது கேக்கல நைனா."

"நம்ம கொள்ளுப்பாட்டி விறகுப் படகுல வந்து இங்கதான் எறங்குனாங்க" என்று கத்தினார். பஸ்ஸுக்கு நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஓங்கி ஒரே போடு. தேங்காய் சிதறியது.

அப்புறம் குதிரை வந்த வழியிலேயே போனோம். திருத்தணியில் அது நின்ற ஹோட்டலில் பொங்கல் நன்றாகவே இருந்தது.