வெயிலில் காய வைத்த வெல்டிங் ராடுகள்

மட்டாஞ்சேரியில் ஜூன் மாதம் தீக்குச்சி பற்றாது. எங்கள் ஊர்ப் பெயர் அச்சிட்ட பெட்டிதான், எங்கள் ஊர்ப் பெண்கள் அடுக்கி அனுப்பிய குச்சிகள்தான். கோவில்பட்டியில் உரசியவுடன் சீறிக்கொண்டு எழும் அதே குச்சி, இங்கே வந்ததும் மருந்து இழுபட்டு வெறும் கறையாகிவிடும். காலையில் அடுப்பு மூட்ட ஏழெட்டுக் குச்சிகளை வீணாக்கிவிட்டு என் மனைவி செண்பகம் பெட்டியை என் முகத்துக்கு நேரே நீட்டுவாள், அந்தக் குச்சிகளை நான்தான் செய்து அனுப்பியதுபோல. உப்பு ஜாடியில் தண்ணீர் நிற்கும். அப்பளம் துணியைப்போல மடங்கும். ஊரில் இருக்கிற உங்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். மழைக்காக வானத்தைப் பார்த்துக் கண் பூத்துப்போகிறவர்களிடம் ஈரம் அதிகம் என்று குறை சொன்னால் அது வயிறு நிறைந்தவன் பேச்சு. ஆனால் அந்த ஈரத்தை மதிக்காமல் நான் ஒரு பிள்ளைத்தாச்சிப் பெண்ணைக் கொல்லப் பார்த்தேன் என்பதை இதுவரை ஊருக்கு எழுதியதில்லை. இப்போது எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசியில் நடந்தது. மட்டாஞ்சேரியில் ஒரு மிளகுக் கிடங்கில் சரக்குப் பார்ப்பது என் வேலை. மூட்டைக்குள் கையை விட்டு அடியிலிருந்து ஒரு பிடி எடுத்து, ஒன்றிரண்டை வாயில் போட்டுக் கடிக்க வேண்டும். காய்ந்த மிளகு பல்லில் சட்டென்று உடையும். ஈர மிளகு நசுங்கும். மூன்று வருடத்தில் என் நாக்கு மரத்துப்போனதே தவிர, தீர்ப்புத் தவறியதில்லை. பிழைப்பு மிளகு என்றால் பைத்தியம் வெல்டிங். கோவில்பட்டியில் எங்கள் வீட்டை ஒட்டி ஒரு லேத் பட்டறை இருந்தது. அங்கே கேட்டுக் கற்றது கொஞ்சம், வேலிக்கு வெளியே நின்று பார்த்துக் கற்றது மிச்சம். மட்டாஞ்சேரியில் பழைய இரும்பு விற்கும் சந்தில் ஒரு சின்ன வெல்டிங் டிரான்ஸ்பார்மர் கிடைத்தபோது, சைக்கிள் கேரியரில் கட்டி வீடு வரை தள்ளிக்கொண்டே வந்தேன். ஞாயிற்றுக்கிழமைப் பகல்களில் பூந்தொட்டிக்கு ஸ்டாண்டு, அடுப்புக்கு முக்காலி என்று ஏதாவது செய்வேன். ராடு இரும்பைத் தொட்டுப் பொறி பிடித்ததும் சந்து முழுக்க பல்புகள் மங்கும், ரேடியோக்கள் கரகரக்கும். "அண்ணாச்சி துடங்ஙி!" என்று யாராவது கத்துவார்கள். முகத்துக்கு நேரே எல்லாரும் என்னை அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டார்கள். முதுகுக்குப் பின்னால் நம் ஆட்களுக்கு இங்கே பாண்டி என்று பெயர். அரைகுறையாகச் செய்த எந்த வேலையும் பாண்டிப் பணி. அந்தச் சொல் என் வேலையின் மேல் விழக்கூடாது என்பதில் எனக்கு இருந்த வீம்பு கொஞ்சநஞ்சமல்ல.

நாங்கள் குடியிருந்தது கீழ்வீடு. வீட்டுக்காரர் ஜோசப் சேட்டனும் அவர் மனைவி ஏலியம்மா சேச்சியும் மேலே. மேலே போக வெளிச்சுவரை ஒட்டி ஓர் இரும்புப் படிக்கட்டு, பன்னிரண்டு படிகள். கடல் காற்று தின்று, மேலே ஏழாம் படியிலிருந்து பத்தாம் படி வரை பலகையைத் தாங்கும் இரும்புக் கால்கள் பொரிந்துபோயிருந்தன. அதற்கு நேர் கீழே துணி துவைக்கும் கருங்கல். அவர்களுடைய ஒரே மகள் லில்லியைக் கும்பளங்கியில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஏழாம் மாதத்தில், முதல் பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வருவது இங்கும் வழக்கம்தான். அதற்குள் படியைச் சரிசெய்ய வேண்டும். "அண்ணாச்சிக்குப் பற்றுமோ? இல்லெங்கில் ஞான் வொர்க்‌ஷாப்பில் பறயாம்," என்றார் சேட்டன். உன்னால் முடியுமா, இல்லாவிட்டால் பட்டறையில் சொல்லிக்கொள்கிறேன் என்கிறார். இதற்குப் பிறகு முடியாது என்று சொல்வேனா?

படகேறி எர்ணாகுளம் போய் பிராட்வேயில் ஒரு ஹார்டுவேர் கடையில், கப்பல் வேலைக்காரர்கள் வாங்குகிற லோ ஹைட்ரஜன் ராடு வேண்டும் என்று கேட்டேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மிஷீன் வீட்டிலெ கறண்டில் ஓடுந்நதல்லே? அண்ணாச்சிக்கு சாதா ராடு மதி." சாதா போதுமாம் எனக்கு! தமிழன் என்றால் மட்டமான சரக்குத்தான் என்று நினைத்துவிட்டார் என எனக்குச் சுருக்கென்றது. உயர்ந்த ராடே கொடுங்கள் என்று அடம்பிடித்து வாங்கினேன். அவர் சொல்ல வந்தது வேறு. சாதா ராடு சின்ன மிஷினிலும் எளிதாகப் பற்றும், லேசான ஈரத்தையும் பொறுத்துக்கொள்ளும். லோ ஹைட்ரஜன் ராடு பலமானதுதான். ஆனால் அதற்குப் பெரிய மிஷின் வேண்டும். அதன் மேல்பூச்சு காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்துவிடும் என்பதால் அடுப்பில் நன்றாகச் சுட்டு, சூடு ஆறாமல் எடுத்துப் பயன்படுத்த வேண்டும். அவர் ஏதோ சொல்லிக்கொண்டுதான் இருந்தார். நான் படகுக்கு நேரமாகிவிட்டது என்று வந்துவிட்டேன்.

ராடு ஈரம் பட்டால் வெயிலில் போட வேண்டும் என்று எனக்குத் தெரியும். கோவில்பட்டிப் பட்டறையில் தகரக் கூரைமேல் பரப்பி வைப்பார்கள். ஒரு மணி நேரத்தில் கையில் பிடிக்க முடியாதபடி சுடும். அந்த நினைப்பில் இங்கேயும் ஒரு தகரத்தில் பரப்பி, இரண்டு மழைக்கு நடுவே வந்த வெயிலில் வைத்தேன். தொட்டுப் பார்த்தேன், காய்ந்துதான் இருந்தன. எங்கள் ஊர் வெயிலும் மட்டாஞ்சேரி வெயிலும் ஒரே சூரியன்தானே என்று நம்பினேன். வெல்டிங் வைக்கும்போது பொறி அறுந்து அறுந்து போயிற்று. ராடு ஒட்டிக்கொண்டது, படபடவென்று தெறித்தது. கசடைத் தட்டிப் பார்த்தால் உள்ளே குண்டூசி ஓட்டைகள். எல்லாவற்றையும் ராவித் தள்ளிவிட்டு மறுபடி வைத்திருக்க வேண்டும். கீழே நின்று சேட்டன் அண்ணாந்து கேட்டார், "கழிஞ்ஞோ அண்ணாச்சி?" முடிந்தது என்று சொல்லிவிட்டேன். சொன்ன வாயோடு கறுப்புப் பெயிண்டை இரண்டு பூச்சுத் தடிமனாக அடித்து ஓட்டைகளை மூடினேன். நான் ஏறி நின்று பார்த்தேன், படி தாங்கியது. ஒல்லியான ஆள் நான், வேறென்ன.

மூன்று நாள் கழித்துச் சனிக்கிழமை. மறுநாள் லில்லி வருவதாக ஏற்பாடு. கிடங்கில் ஒரு வியாபாரி மூட்டையைப் பிரித்து வைத்து, "மூந்நு திவசம் வெயில் கொண்டதா," என்று, மூன்று நாள் வெயில் பட்டதாகச் சத்தியம் செய்தார். கைக்குக் கலகலவென்றுதான் இருந்தது. வாயில் போட்டுக் கடித்தேன். நசுங்கியது. துப்பிவிட்டு, தினமும் சொல்லும் வாக்கியத்தைச் சொன்னேன்: "மேலதான் வெயில் பட்டிருக்கு, உள்ளே ஈரம் அப்படியே இருக்கு." சொல்லி முடித்ததும் பிடியிலிருந்த மிளகை மூட்டையிலேயே போட்டுவிட்டேன். மூன்று வருடமாக ஊரார் மிளகுக்கெல்லாம் இந்தத் தீர்ப்பைச் சொல்கிறவன், என் வீட்டுத் தகரத்தில் கிடந்த ராடுக்குச் சொல்லவில்லையே. முதலாளியிடம் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்தேன்.

வீட்டுக்கு வந்து மிச்சமிருந்த ராடுகளில் இரண்டை எடுத்து ஒன்றோடொன்று தட்டினேன். காய்ந்த ராடு கணீரென்று ஒலிக்கும். இது மரக்குச்சிபோல மொத்தென்றது. செண்பகத்திடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் முகம் வெளுத்தது. "நாளைக்கு இல்லைங்க, இன்னைக்கே வர்றாங்க. மழை வலுத்திரும்னு சேட்டன் காலையிலேயே காரு எடுத்துட்டுப் போயிட்டாரு," என்றாள். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவரைத் தனியாக் கூப்பிட்டுச் சொல்லுங்க. சம்பந்தி வீட்டுக்காரங்க முன்னாடி சொன்னா அவருக்கு மானம் போகும், நமக்கு வீடு போகும்," என்றாள். அவள் சொன்னது நியாயம். நம் ஆட்களுக்கு இந்தச் சந்தில் வீடு கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்பது இங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும். தனியாகச் சொல்ல நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோதே ஹாரன் சத்தம் கேட்டது.

இரண்டு கார்களில் பத்துப் பேர். மேலே வாசலில் ஏலியம்மா சேச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார். லில்லி இடுப்பில் கை வைத்துக்கொண்டு இறங்கினாள். அம்மாவைக் கண்ட சந்தோஷத்தில் நேரே படிக்கட்டுக்கு வந்தாள், பின்னாலேயே பெட்டிகளோடு மொத்தக் கூட்டமும். எனக்குத் தனியாவது மானமாவது! ஓடிப்போய் இரண்டாம் படியில் ஏறி இரண்டு பக்கக் கம்பியையும் பிடித்துக்கொண்டு, "கேறண்டா! ஆரும் கேறண்டா!" என்று கத்தினேன், யாரும் ஏறாதீர்கள் என்று.

லில்லியின் மாமனார் சேட்டனைத் திரும்பிப் பார்த்தார். "வாடகக்காரனா? எந்தா, வழக்காணோ?" குடியிருப்பவன் ஏதோ தகராறுக்காக வழி மறிக்கிறான் என்று அவருக்குத் தோன்றியது. பின்னாலிருந்து யாரோ, குடித்திருக்கிறான் என்றார்கள். சேட்டனின் முகம் சிவந்துவிட்டது. "அண்ணாச்சி, மாறி நில்க்கு," என்று பல்லைக் கடித்துக்கொண்டு விலகச் சொன்னார். கற்ற மலையாளமெல்லாம் எனக்கு அந்த நேரத்தில் எங்கேயோ போய்விட்டது. "சேட்டா, இந்தப் படி தாங்காது. நான் வச்ச வெல்டிங் பூரா ஓட்டை. பெயிண்ட் அடிச்சு மறைச்சுட்டேன்," என்றேன் தமிழிலேயே. அவருக்குப் புரிந்தது, ஆனால் நம்பவில்லை. "ஞான் மூந்நு திவசமாயி கேறுந்நுண்டல்லோ!" மூன்று நாளாக நான் ஏறி இறங்கவில்லையா என்று என் தோளைப் பிடித்துத் தள்ளினார். லில்லி என்னைச் சுற்றிக்கொண்டு முதல் படியில் கால் வைத்தாள்.

செண்பகம்தான் அவளைக் கையைப் பிடித்து நிறுத்தினாள். நிறுத்திய வேகத்தில் மறு கையால் வாசலில் கிடந்த சுத்தியலை எடுத்து என்னிடம் நீட்டினாள். நான் ஆறாம் படி வரை ஏறிக் குனிந்து, ஏழாம் படியைத் தாங்கிய காலை ஓங்கி அடித்தேன். முதல் அடியில் பெயிண்ட் வெடித்தது. இரண்டாவது அடியில் கால் தெறித்து, பலகை ஒருபக்கம் சாய்ந்து, கீழே இருந்த கருங்கல்லில் போய் விழுந்தது. சேட்டன் உடைந்த துண்டை எடுத்துத் திருப்பினார். உடைந்த இடம் ஆப்பத்தைப்போல ஓட்டை ஓட்டையாக இருந்தது. "பாண்டிப் பணி," என்றார் மாமனார் மெதுவாக. என் காதில் விழுந்தது. சுத்தியலைப் படியில் வைத்துவிட்டு இறங்கி வந்தேன்.

லில்லி எங்கள் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள். மேலே மாட்டிக்கொண்ட ஏலியம்மா சேச்சி ஏணி வரும்வரை அங்கிருந்தே மகளைப் பார்த்து அழுதார். என்னையும் விடாமல் வைதார். செண்பகம் சாயாவுக்கு அடுப்பு மூட்டினாள். நான்காவது குச்சியில்தான் பற்றியது.

திங்கட்கிழமை பட்டறை ஆட்கள் வந்து படிக்கட்டைப் புதிதாகச் செய்யத் தொடங்கினார்கள். மூன்றாம் நாள் சேட்டன் என் வாசலில் வந்து நின்றார். "அடியிலெ படி அண்ணாச்சி செய்தோ. அதில்நிந்நு வீணால் ஆரும் சாகில்ல." தரையை ஒட்டிய முதல் படியை நீ செய், அதிலிருந்து விழுந்தால் யாரும் சாகமாட்டார்கள். அது மன்னிப்பா, குத்தலா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் மறுபடி பிராட்வேக்குப் போய், அதே கடையில் தலையைக் குனிந்துகொண்டு சாதா ராடு வாங்கினேன். முனை பேக்கரியில் ரொட்டி எடுத்த பிறகு போர்மா அடுப்பின் மிச்சச் சூட்டில் ராடுகளை வைக்கக் கேட்டேன். "இது எந்து பலகாரம் அண்ணாச்சி?" என்று பேக்கரிக்காரர் சிரித்தாலும், அடுப்புக்குள் இடம் விட்டார். எடுத்துத் தட்டியபோது கணீரென்றது. வெல்டிங் வைத்துக் கசடைத் தட்டினேன். பெயிண்ட் மட்டும் அடிக்கவில்லை, சேட்டன் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு எழுந்து போனார். மறுநாள் காலை என் வாசலில் ஒரு பெயிண்ட் டப்பா இருந்தது.

லில்லிக்குப் பெண் குழந்தை பிறந்தது. இப்போது அது பள்ளிக்கூடம் போகிறது. நாங்கள் அதே கீழ்வீட்டில்தான் இருக்கிறோம். கோவில்பட்டிக்குப் போனால் மலையாளத்தான் வந்துட்டான் என்கிறார்கள். திரும்பி வந்தால் அண்ணாச்சி நாட்டில்நிந்நு வந்நு, ஊரிலிருந்து வந்தாச்சு என்கிறார்கள். வந்ததும் பையைக் கீழே வைக்காமலே அந்த முதல் படியில் ஒரு காலை வைத்து அழுத்திப் பார்ப்பேன். இன்னொரு கால் தரையிலேயே இருக்கும். மேலே ஏற எனக்கு வேலை கிடையாது. கதவைத் திறந்து உள்ளே போய்விடுவேன். உட்கார்ந்த இடத்திலிருந்தே படியேறுவது யாரென்று சொல்லிவிட என்னால் முடியும். லில்லி பிறந்தவீட்டுக்கு வந்தால் என் படியையும் சேர்த்துப் பன்னிரண்டு காலடி கேட்கும். ஏலியம்மா சேச்சி ஏறினால் பதினொன்று.