பைக்குள் கிடந்த கல்

அரியலூர் பக்கத்தில் ஒரு ரேஷன் கடையில் நான் விற்பனையாளர். எங்கள் கடையில் விடிந்ததுமே வரிசையில் பையை வைத்து, காற்றில் பறக்காமல் இருக்க உள்ளே ஒரு கல்லைப் போட்டு இடம் பிடிப்பார்கள். சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை செய்யும் பீகார்க்காரப் பெண் ஒருத்தியும் அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். அவள் முறை வந்ததும், "இந்திக் கார்டு இங்க செல்லாதும்மா, போ" என்பேன். இப்படியே மூன்று மாதம். மேலே கேட்டுப் பார்க்கச் சோம்பல். அதைவிட, எங்கிருந்தோ வந்தவளுக்கு நம்மூர் அரிசியா என்ற எரிச்சல்.

நான்காம் மாதம், பின்னால் நின்ற செல்வி அக்கா சத்தம் போட்டார். "ஏன் தம்பி, என் மவன் பூனாவுல நம்மூரு கார்டைக் காட்டித்தான் அரிசி வாங்குறான். இங்க மட்டும் ஏன் வெரட்டுறீங்க? நம்பரையாச்சும் போட்டுப் பாருங்களேன்!"

வேண்டாவெறுப்பாக மிஷினில் எண்ணை அடித்தேன். அவள் பெயர், இரண்டு பிள்ளைகளின் பெயர், எல்லாம் வந்தது. ரேகை வைத்தாள், மிஷின் ஏற்றுக்கொண்டது.

அவள் பையை விரித்துப் பிடித்தாள். அரிசி கொட்டுவதற்கு முன், உள்ளே கிடந்த கல்லை நான்தான் வெளியே எடுத்தேன். மூன்று மாதமாக அவள் பையில் வீட்டுக்குப் போனது அந்தக் கல் மட்டும்தான்.