மூன்று நொடிக் கால்

உப்பளச் சேற்றுக்கு ஒரு புளித்த வாடை உண்டு. வேலை முடிந்து வந்து அம்மா எத்தனை முறை கால் கழுவினாலும் அது போகாது, பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்காரும் பிள்ளைகள் மூக்கைச் சுளித்தால் என் மேலும் அந்த வாடை ஒட்டியிருப்பதால்தான் என்று நானே நினைத்துக் குன்றிப் போவேன். மரக்காணத்தில் உப்பு எடுப்பதற்கு முன்பு பாத்தியின் தரை கெட்டியாக வேண்டும் என்பதற்காகப் பெண்கள் வரிசையாக நின்று, இரண்டு மிதி, ஒரு நகர்வு என்று நாள் முழுக்க "மெதிப்பார்கள்".

2006 தை மாதம் சென்னையிலிருந்து ஆல்பம் பாட்டு எடுக்க ஒரு கூட்டம் வந்தது. வெளிநாட்டுக் கடற்கரையையே காட்டிச் சலித்துப்போன மியூசிக் சேனல்களுக்கு அப்போது "மண் வாசனை" தேவைப்பட்டது போலும். எங்கள் பெண்கள் மிதிப்பதைப் பார்த்த டான்ஸ் மாஸ்டர் அதையே ஸ்டெப் ஆக்கினார். ஆனால் பாத்தியில் இறங்கிய நடிகைக்கு உப்புத் தண்ணீரில் கால் எரிய, அவர் கரையேறிவிட்டார். உடனே அம்மாவைக் கூப்பிட்டுக் காலில் கொலுசு மாட்டி மிதிக்கச் சொன்னார்கள்.

"மூஞ்சியும் வருமாங்க?" என்று கேட்டாள் அம்மா.

"எல்லாம் வரும்மா, நீ மிதி" என்றார் மாஸ்டர். அந்த மனிதரை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

கொலுசைக் கழற்றி வாங்கிக்கொண்டு போனார்கள். டிவியில் வரப்போகிறேன் என்று அம்மா தெரு முழுக்கச் சொல்லி வைத்தாள். பாட்டு வந்த அன்று பக்கத்து வீட்டு டிவி முன்னால் என் வகுப்புப் பிள்ளைகள் உட்பட எல்லோரும் கூடியிருந்தார்கள். மூன்று நொடி, கால் வந்தது. இரண்டாகப் பிளந்த கட்டைவிரல் நகம், அம்மாவுடையதேதான். கேமரா மேலே ஏற, நடிகையின் முகம் சிரித்தது. கூட்டத்திலும் யாரோ சிரித்தார்கள்.

"என் காலுதான் அது. நீயே சொல்லுடி, உனக்குத் தெரியாதா?" என்றாள் அம்மா.

பிள்ளைகள் என் வாயையே பார்த்தார்கள். "இல்லம்மா, அது அந்த அக்கா காலு. சும்மா இரு" என்றேன். அம்மா எழுந்து போனாள்.

அந்த வருஷப் பள்ளி ஆண்டு விழாவில் அதே பாட்டுக்கு, அதே ஸ்டெப்பில் நானும் ஆடினேன். "உப்பளத்துல மெதிக்கிற மாதிரி மெதிக்காத, டிவியில வர்ற மாதிரி ஆடு" என்று ஒத்திகையில் டீச்சர் திட்டியதும் திருத்திக்கொண்டேன். அம்மா பார்க்க வரவில்லை.

இப்போது அந்தச் சேனலும் இல்லை, அம்மாவும் இல்லை. அம்மா வேலை செய்வதை யாரும் படம் பிடித்ததில்லை; அந்த மூன்று நொடிதான் மிச்சம். போனில் அந்தப் பாட்டை நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறேன். கீழே கமெண்டில் ஒருவர், நடிகையின் உழைப்பைப் பாருங்கள், காலெல்லாம் எப்படி வெடித்திருக்கிறது என்று உருகியிருந்தார். பொறுக்க முடியாமல், அது என் அம்மாவின் கால் என்று எழுதினேன்.

யாரோ ஒருவர் பதில் போட்டிருந்தார்: "சும்மா இருங்க." அன்றைக்கு அம்மாவிடம் நான் சொன்னதும் அதைத்தான்.