புத்தகத்தில் இருந்த படகோட்டி

அன்று ஆஸ்பத்திரி அறையில் இருந்தவர்கள் மூன்றே பேர்: மறுநாள் காலை பைபாஸ் ஆபரேஷனுக்குக் காத்திருந்த என் வீட்டுக்காரர், அவருடைய அக்கா, நான்.

வீட்டுக்காரர் ஜோகுபாளையத்தில் பிறந்தவர். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் கன்னடம். தமிழை வாய் கிழியப் பேசுவார், ஓர் எழுத்துக்கூடப் படிக்க வராது. நான் அண்ணி என்று கூப்பிடும் அவர் அக்காவுக்கும் அப்படித்தான். நான் திருப்பத்தூர்ப் பக்கம், எட்டாவதோடு நின்றவள். அந்த எட்டாவதுதான் எங்கள் வீட்டின் மொத்தத் தமிழ்ப் படிப்பு.

மந்திர தேசத்துக் கதை ஒன்றை நானும் வீட்டுக்காரரும் டிவியில் தமிழ் டப்பிங்கில் தொடராகப் பார்த்து முடித்திருந்தோம். அதில் பனி மூடிய ஏரியில் ஆட்களை அக்கரை சேர்க்கும் படகோட்டி ஒருவன் வருவான். இவர் வைட்ஃபீல்டுக்குக் கம்பெனி வேன் ஓட்டுகிறவர். அவனைத் தன் ஆளாகவே நினைத்துக்கொண்டார். அந்தக் கதையின் புத்தகம் தமிழில் கிடைத்ததும் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனேன். இப்படிப்பட்ட நேரத்தில் புதுக் கதை எதையும் தொட எனக்குத் தைரியம் இல்லை. இது முடிவு தெரிந்த கதை. படகோட்டி சாகமாட்டான்.

சத்தமாகப் படிக்கும்போதே அடுத்த பக்கத்தை எட்டிப் பார்ப்பது என் வழக்கம். அன்று அவருக்குப் படித்துக் காட்டும்போதும் அப்படித்தான் பார்த்தேன். புத்தகத்தில் படகு நடு ஏரியில் கவிழ்கிறது. அவன் மேலே வரவே இல்லை. இதைப் போய் எப்படி அவர் காதில் போடுவது? கண்ணைப் பக்கத்தில் வைத்தபடி, டிவியில் பார்த்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். காற்று நின்றது, துடுப்பு கிடைத்தது, கரை தெரிந்தது.

"இன்னா மே, பக்கமே திருப்பல நீ?" என்றார்.

"பெரிய பக்கங்க."

"டேய், ஒழுங்கா கேளுடா. அவளே தொண்டத் தண்ணி வத்தப் படிக்கிறா," என்றார் அண்ணி.

"படிக்கிறாளா? டிவில வந்தது அப்படியே வருதுக்கா. நடுவுல விளம்பரம்தான் இல்ல." பிறகு என்னைப் பார்த்தார். "புக்ல செத்துட்டானா?"

அப்போதுதான் நான் பக்கத்தைத் திருப்பினேன்.

"சரி வுடு. டிவில இருக்கறவனே எனக்குப் போதும். நீ அதையே படி."

கரை சேரும்வரை படித்தேன். அவர் சிரித்த முகமாகத் தூங்கிப்போனார். ஒரே ஆளுக்கு இரண்டு முடிவு இருக்கலாம் என்பது அன்றுவரை எனக்குத் தோன்றியதே இல்லை. தோன்றிய பிறகு உட்கார முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

மறுநாள் ஆபரேஷன் தியேட்டர் கதவு திறந்தபோதெல்லாம் எழுந்து நின்றேன். மதியத்துக்கு மேல் ஒரு நர்ஸ் வெளியே வந்து, அவர் பெயரைச் சொல்லி, "கூட வந்தவங்க யாரு?" என்றார். அண்ணிதான் கையைத் தூக்கினார்.

"ஆபரேஷன் நல்லபடியா ஆச்சும்மா. ஐ.சி.யூ.வுக்கு மாத்திட்டோம். சாயந்திரம் ஒருத்தர் போய்ப் பார்க்கலாம். கீழ பில்லிங்ல பாக்கி இருக்காம், கட்டிடுங்க."

"எவ்ளோங்க?" காலையிலிருந்து நான் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"நாப்பத்திரெண்டாயிரம்."